மட்டையைக் கண்டால் ஓரம் தள்ளவும்

இது உண்மையில் நடந்தது. கதை கட்டி எனக்குப் பழக்கமில்லை. நம்பாதவர்கள் ஒருநாள் அந்தி நேரத்தில் குருண் பக்கம் வந்து, அந்தப் பழைய தோட்டத்துச் சாலையில் என் காரில் உட்காருங்கள். பெட்ரோல் என் செலவு. எங்கள் ஊரின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். அங்கே ஆட்கள் இன்னும் வீடு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

என் பெயர் நளினி. எங்கள் சின்ன டவுனில் சாலைப் பாதுகாப்புக் குழுவின் குமாஸ்தா. எந்த மாதம் எத்தனை விபத்து, எத்தனை பேருக்குக் காயம், எத்தனை பேர் போனார்கள், என்ன காரணம் என்று மாதக் கடைசியில் அறிக்கை தயாரிப்பது என் வேலை. பெருநாளுக்கு எல்லாரும் ஊர் திரும்பும் மாதத்தில் அறிக்கைப் படத்தில் கோடு ஏறும். மழை மாதத்தில் மறுபடி ஏறும். இது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

எங்களுக்கு மட்டும் ஒரு தனித் தலைவலி இருந்தது. டவுனிலிருந்து எங்கள் தாமானுக்கு, அதாவது எங்கள் குடியிருப்புக்கு, போகும் அந்தத் தோட்டத்துச் சாலை. ஒரு பக்கம் ரப்பர் மரங்கள். மறுபக்கம் முன்பு செம்பனை இருந்தது. அதை அழித்துவிட்டு இப்போது வேலி போட்டு சோலார் தகடுகளை நிறுத்தியிருக்கிறார்கள். நடுவில் ஒரு சின்னப் பாலம். சாலையோரம் ஆள் ஆழத்துக்குக் கால்வாய், லோங்காங் என்போம். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் அங்கே மாதம் தவறாமல் விழுவார்கள். விழுந்த இடத்தில் எல்லாம் சாலைக்குக் குறுக்கே ஒரு செம்பனை மட்டை கிடக்கும்.

வேறு தோட்டங்களிலிருந்து செம்பனைப் பழம் ஏற்றி வரும் லாரியிலிருந்து விழுகிறது என்று குழுவில் முடிவு செய்தோம். காரணம் என்ற இடத்தில் ‘மட்டை’ என்றே எழுதி வந்தேன். பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு சுவரொட்டி. ‘மட்டையைக் கண்டால் ஓரம் தள்ளவும். ஓர் உயிரைக் காக்கவும்.’ வாசகம் என்னுடையது. படம் வரைந்தவள் அஃபிரா.

அஃபிரா என் எதிர் மேசைப் பெண். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவள் அம்மா கைருன்னிசா அக்கா டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். மகள் கையில் எனக்கும் சேர்த்து மதியச் சோறு கொடுத்து அனுப்புவார். அந்தப் பெண் இருந்தால் அலுவலகத்தில் எந்நேரமும் பேச்சுச் சத்தம்தான்.

சுவரொட்டியை ஊரெல்லாம் ஒட்டினோம். ஜனங்களும் சொன்னபடி செய்தார்கள். மட்டையைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி, இழுத்துக் கால்வாயில் போட்டுவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன அக்டோபர். மழை. அறிக்கை கொடுக்க வேண்டிய நாள். அஃபிரா கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“நளினிக்கா, இங்க பாருங்களேன். அந்தத் தோட்டத்து ஜாலான்ல விழுறது கூடவும் இல்ல, குறையவும் இல்ல. சாகுறதுதான் கூடியிருக்கு. நாம போஸ்டர் ஒட்டுன மாசத்துலேருந்து. ஏன்க்கா?”

“மழை லா. வேற என்ன?” என்றேன்.

“மழை முன்னாடியும்தானே பெஞ்சுச்சு?”

“கெளம்பு முதல்ல. இருட்டுது.”

ஆறரைக்கு அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். மழைக்கோட்டுக்குள்ளிருந்து கையை ஆட்டினாள். அவள் வீடும் எங்கள் தாமான்தான்.

ஏழு மணி தாண்டி என் போன் அடித்தது. என் கணவர் காளிதாசன். குருண் தொழிற்சாலையில் வேலை; டவுன் வழியாக மோட்டாரில்தான் வீட்டுக்கு வருவார். அந்த நேரத்துக்கு அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

“நளினி… விழுந்துட்டேன்.”

“எங்கங்க? எங்க இருக்கீங்க?”

“பாலம் தாண்டி… லோங்காங்ல… கார்காரன் இடிச்சிட்டுப் போயிட்டான். கால் அசையல… தண்ணி ஏறுது, நளினி…”

அவ்வளவுதான். துண்டித்துக்கொண்டது. திரும்ப அழைத்தேன். அடிக்கவில்லை. போனுக்குள் தண்ணீர் புகுந்திருக்க வேண்டும்.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். பாலம் தாண்டி என்று மூன்று முறை சொன்னேன். வரும்வரை அங்கே உட்கார்ந்திருக்க என்னால் முடியுமா? காரை எடுத்தேன். மாரியாத்தா, மாரியாத்தா என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது.

தோட்டத்துச் சாலையில் திரும்பியதும் மழை இன்னும் வலுத்தது. இருட்டிவிட்டது. முன்னும் பின்னும் வேறு வண்டி இல்லை.

பாலத்துக்கு இந்தப் பக்கமே குறுக்கே ஏதோ கிடந்தது. பிரேக் போட்டேன். கார் வழுக்கி நின்றது.

மட்டை.

பச்சை மட்டை. அடிப்பக்கம் அப்போதுதான் வெட்டியதுபோல் வெள்ளையாக இருந்தது. இறங்கினேன். முள் கையைக் கிழித்தது. இழுத்துக்கொண்டு போய்க் கால்வாயில் தள்ளிவிட்டு ஓடி வந்து ஏறினேன். என் புருஷன் பாலம் தாண்டிக் கிடக்கிறார். இங்கே எனக்கு என்ன வேலை?

பாலம் தாண்டினேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, கத்திக்கொண்டே ஓட்டினேன். கால்வாய் முழுக்கச் செம்மண் தண்ணீர் ஓடியது. மோட்டாரைக் காணோம். விளக்கு வெளிச்சம் எதுவும் இல்லை. தாமான் நுழைவாயில்வரை வந்துவிட்டேன்.

அவர் இல்லை.

ஒருவேளை இடம் மாற்றிச் சொல்லிவிட்டாரோ? விழுந்த அதிர்ச்சியில் பாலம் தாண்டியதாக நினைத்துக்கொண்டாரோ? வண்டியைத் திருப்பினேன். மறுபடி பாலம். மறுபடி டவுன் பக்கம்.

அங்கே… அதே இடத்தில்…

மட்டை கிடந்தது.

நான் தள்ளிவிட்ட அதே இடம். சாலைக்குக் குறுக்கே, நேராக, யாரோ அளந்து வைத்தது போல. லாரி எதுவும் வரவில்லை. எந்த வண்டியும் என்னைக் கடக்கவில்லை.

எனக்குப் பயம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அங்கே ஓர் உயிர் தண்ணீரில் கிடக்கிறது, இங்கே எவனோ விளையாடுகிறான்! மட்டையைத் தூக்கினேன். இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துக் கால்வாய்க்குள் வீசினேன்.

கீழே ஒரு சத்தம்.

“ம்…”

நின்றேன். மழைதான் கொட்டியது.

தவளையாக இருக்கும். மழை நாளில் கால்வாய் முழுக்கத் தவளைதான்.

காரில் ஏறினேன். மறுபடி திருப்பினேன். பாலத்தில் ஏறும்போதே தெரிந்தது…

அந்தப் பக்கம் ஒரு ஆள்.

கார் விளக்கில் நன்றாகத் தெரிந்தார். மெலிந்த உடம்பு. முழுக்கை சட்டை. செருப்பில்லாத கால். ஒரு கையில் அரிவாள். இன்னொரு கையால் ஒரு மட்டையை இழுத்துக்கொண்டு வந்தார்.

சர்… சர்… சர்…

அந்த மழையில் இந்தச் சத்தம் எப்படி என் காதுக்கு வந்தது?

மட்டையைச் சாலையில் கிடத்தினார். நேராக்கினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அவர் சட்டை நனையவில்லை.

மழை கொட்டுகிறது… அவர் சட்டை காற்றில் ஆடுகிறது… காய்ந்த துணி ஆடுவதுபோல…

மட்டைக்கு நிழல் இருந்தது.

அவருக்கு இல்லை.

பின்னால் போய்விடு என்று மனசு கத்தியது. கியரில் கை வைத்தேன். போனால் என் புருஷன் செத்துவிடுவார். அது மட்டும்தான் தோன்றியது.

“அண்ணே…” என்றேன். “அண்ணே… என் வீட்டுக்காரர்…”

அவர் கையை நீட்டினார். கால்வாயைக் காட்டினார்.

பிறகு அந்தக் கை மெதுவாகத் திரும்பியது. எனக்குப் பின்னால்… பாலத்துக்கு அந்தப் பக்கம்… நான் வந்த வழியைக் காட்டியது.

போ என்கிறார். என்னைத் திரும்பிப் போகச் சொல்கிறார். அப்படித்தான் நினைத்தேன்.

நான் போகவில்லை. கதவைத் திறந்து கால்வாய்க்கு ஓடினேன். சறுக்கி விழுந்தேன். போன் வெளிச்சத்தில்… ஒரு ஹெல்மெட். ஒரு கை.

அவர்தான். கழுத்துவரை தண்ணீர். கண் பாதி திறந்திருந்தது.

தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அலறினேன். திரும்பிச் சாலையைப் பார்த்தபோது அந்த ஆள் இல்லை. மட்டை மட்டும் கிடந்தது. சற்று நேரத்தில் தாமான் பக்கமிருந்து ஆம்புலன்ஸ் வந்தது. மட்டையைப் பார்த்துதான் நிறுத்தினார்கள். இல்லையென்றால் என் காரையும் எங்களையும் தாண்டிப் போயிருப்பார்கள்.

காரை அங்கேயே விட்டுவிட்டு ஆம்புலன்ஸில் ஏறினேன். தாமான் பக்கமாகவே நெடுஞ்சாலைக்குப் போனார்கள். வழியெல்லாம் அவர் என்னென்னவோ பிதற்றினார்.

“ரெண்டு பேராம்… நளினி… ரெண்டு பேராம்…”

“பேசாதீங்க. ஒண்ணும் இல்ல.”

“மட்டைய எடுத்துட்டாங்களாம்… மறுபடியும் போடப் போனாரு…”

வலியில் உளறுகிறார் என்று நெற்றியைத் தடவிக்கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். நான் வெளியே நாற்காலியில், சேறும் சகதியுமாக உட்கார்ந்திருந்தேன். சுவரில் இருந்த கடிகாரம் எட்டே முக்காலைக் காட்டியது. போன் அடித்தது. கைருன்னிசா அக்கா.

“நளினி, அஃபிரா இன்னும் ஆபீஸ்லயா இருக்கா? போனு போக மாட்டேங்குது.”

“ஆறரைக்கே கெளம்பிட்டாளே, அக்கா…”

“வீட்டுக்கு வரலயே மா.”

என் கையில் முள் கிழித்த இடம் அப்போதுதான் எரிய ஆரம்பித்தது.

ரெண்டு பேராம்.

நம் ஊரில் ரோட்டில் வண்டி விழுந்தால் முதலில் என்ன செய்வோம்? ஒரு கிளையை ஒடித்துச் சாலையில் போடுவோம். இங்கே ஆள் கிடக்கிறான், மெதுவாக வா, நின்று பார் என்று சொல்வதற்கு. சின்ன வயதிலிருந்து எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! மட்டையால் யாரும் விழவில்லை. விழுந்த பிறகுதான் மட்டை வந்தது. அதைத்தான் ஓரம் தள்ளச் சொல்லி ஊரெல்லாம் ஒட்டினேன்.

அந்த ஆள் என்னைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை.

புவனேசன் அண்ணனுக்குப் போன் போட்டேன். விபத்து வண்டிகளை இழுக்கும் லாரி அவருடையது. எங்கள் குழுவிலும் இருக்கிறார்.

“அண்ணே, பாலத்துக்கு டவுன் பக்கம்… லோங்காங்ல பாருங்கண்ணே! சீக்கிரம்ணே! அஃபிராண்ணே!”

“அழுவாத தங்கச்சி. போறேன்.”

நாற்காலியில் உட்கார முடியவில்லை. நடந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளை மட்டும் கொடுத்துவிடு, இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று சாமியிடம் பேரம் பேசினேன். உள்ளே புருஷன் கிடக்கிறார் என்பதுகூட மறந்துபோனது.

ஒன்பதரைக்குப் போன் வந்தது. எடுத்தேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“அண்ணே?”

“ஒடம்பு இன்னும் சூடா இருக்கு, தங்கச்சி…”

அவர் அழுவது கேட்டது.

என் கணவர் பிழைத்துக்கொண்டார். இப்போது ஊன்றுகோல் வைத்து நடக்கிறார். அன்று கால்வாயில் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளைப் பற்றி மறுநாள் தெளிவாகவே சொன்னார்.

“தலையத் தண்ணிக்கு மேல புடிச்சிக்கிட்டாரு, நளினி. ‘பாலத்துக்கு அந்தாண்ட ஒரு பொண்ணு கெடக்குது. மட்டை போட்டேன், யாரோ எடுத்துட்டாங்க. மறுபடியும் போட்டுட்டு வரேன்’னு எந்திரிச்சுப் போனாரு.”

எட்டாம் நாள் புவனேசன் அண்ணன் வீட்டுக்கு வந்தார். நான் பார்த்த ஆளின் அடையாளத்தைச் சொன்னேன்.

“முருகையா,” என்றார். “செம்பனை இருந்த காலத்துல மட்டை வெட்டுனவரு. எவனோ மோட்டார்ல விழுந்து கெடக்கான்னு மட்டைய வெட்டி ரோட்டுல போடப் போனாரு. லாரி அடிச்சிருச்சு. ரெண்டு பேரையும் காலையிலதான் பாத்தாங்க. பதினாறு வருஷம் இருக்கும்.”

சுவரொட்டிகளை நானே போய்க் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் அவள் வரைந்த படம் சிரித்தது. அந்த மாத அறிக்கையில், காரணம் என்ற இடத்தில் இன்றுவரை நான் ஒன்றும் எழுதவில்லை. கைருன்னிசா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீதானே மா எடத்தச் சொன்ன, அல்லா உன்னை நல்லா வச்சிருக்கணும்” என்று அழுதார். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

முருகையாவைப் பற்றிச் சொன்ன அன்று, கிளம்பும்போது புவனேசன் அண்ணன் வாசலில் நின்றார்.

“ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கல, தங்கச்சி. அவ மேல ரெண்டு மட்டை கெடந்துச்சு. ஒண்ணு நெஞ்சு மேல கெடந்துச்சு. இன்னொண்ண ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தா. வெரலப் பிரிச்சுத்தான் எடுத்தோம். மேல தள்ளப் பாத்திருக்கா போல.”

அந்தச் சத்தம் தவளை இல்லை.