மலைக்கு முதுகு காட்டும் தகடுகள்

மனு கிடைத்த மூன்று நாட்களுக்குள் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் பதில். அரசு அலுவலகங்களுக்கு உள்ள விதி இது. என் வீட்டு சோலார் தகடுகள் பற்றி ஆவணியில் நான் கொடுத்த மனுவுக்கு, கார்த்திகை பிறந்தும் ஒப்புகையும் வரவில்லை, பதிலும் வரவில்லை.

பணிக்காலம் முழுவதும் நான் ஆராய்ந்தது சூரிய மின்சாரத்தை அல்ல, அதைக் கூரையில் ஏற்றும் மனிதர்களை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய், மாடியை வேறு எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன். வடகம் காயப்போட, கோடையில் படுக்க என்பார்கள். ஓய்வு பெற்றபின் செங்கம் சாலையை ஒட்டிய என் வீட்டு மாடியில் மானியத்தில் தகடுகள் போட்டேன். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்க யாரும் வரவில்லை.

தகடுகள் தெற்கே பார்க்கும். மலை வடக்கே. வருடம் முழுக்க யாரும் ஏறாத என் மாடிக்குக் கார்த்திகை தீபத்தன்று மட்டும் தெருவே ஏறி வரும். மனைவி இறந்த பிறகும் அது நிற்கவில்லை. சுடரைப் பார்த்துவிட்டு, என் கையில் ஒரு பொரி உருண்டையைத் திணித்துவிட்டு இறங்குவார்கள். தகடுகள் வந்த வருடம் நிற்க இடமில்லாமல் எல்லோரும் மூலை வீட்டு மாடிக்குப் போய்விட்டார்கள்.

தகடுகளை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கி வைத்தால் கீழே நிற்கலாம். மானியத்தில் போட்டதை அனுமதி இல்லாமல் அசைக்கக் கூடாது. அதனால்தான் மனு.

"ஒரு வெல்டரைக் கூப்ட்டா ஒரு நாள் வேலை சார். யாரு வந்து பாக்கப்போறாங்க?" என்றார் எதிர்வீட்டு அம்மா.

"அனுமதி வரட்டும்மா."

"உங்களுக்கு அனுமதி வர்றதுக்குள்ள அண்ணாமலையாரே எறங்கி வந்துடுவாரு."

இந்த வருடத் தீபத்தன்று மாலை, தகடுகளுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நின்றேன். உச்சியில் சுடர் எழுந்தது. மூலை வீட்டு மாடியில் அரோகரா முழங்கியது. நானும் சொன்னேன், பக்கத்தில் ஆள் இல்லாததால் மெதுவாக.

"சார், இங்க வந்துடுங்க, எடம் இருக்குது" என்று எதிர்வீட்டு அம்மா அங்கிருந்து கையசைத்தார்.

தலையாட்டினேன். போகவில்லை. கூப்பிட்டவர் அந்த வீட்டுக்காரர் அல்லவே.

உயர்த்திக்கொள்ள ஆட்சேபணை இல்லை என்ற பதில், தீபத்துக்கு மறுநாள் வந்தது.