பின்வாசலில் சேர்ந்த மணல்

கடலில் இருக்கும்போது ரகுபதி தெளிவான மனிதர். எங்கே வலை விடுவது, எப்போது திரும்புவது என்று யாரிடமும் யோசனை கேட்க மாட்டார். கரையில் கால் வைத்ததும் குழப்பம் வந்து பிடித்துக்கொள்ளும். என் டீக்கடைக்கு வந்தால், "டீயா காபியா?" என்று கேட்டுவிட்டு நான் மூன்று பேரைக் கவனித்து முடித்திருப்பேன், அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவர் தலையிலா இந்த நிலப் பிரச்சினை வந்து விழ வேண்டும்? பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தவன் நான். எனக்கு இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு. அதை மறைத்துப் பயனில்லை.

திருவொற்றியூரில் கடலை ஒட்டின குப்பம் எங்களுடையது. ரகுபதி வீட்டுப் பின்கதவைத் திறந்தால் நாலடி இடம். அந்த நாலடிக்குள் தண்ணீர் டிரம், துவைக்கிற கல், ஐஸ் பெட்டி, கிழிந்த வலை எல்லாம் இருக்கும். அவர் மனைவி மங்கம்மா கருவாடு போட்டு விற்கிறவள். நாலடியில் எத்தனை மீன் காயும்?

"யோவ், நெத்திலி ரெண்டு கூடை கீது. எங்க போட்டுக் காய வெக்கறது, உன் முதுகுலயா?" என்று அவள் கத்துவது என் கடை வரைக்கும் கேட்கும்.

ரகுபதியும் சும்மா இருக்கவில்லை. பின்கதவு வெளிப்பக்கம் திறந்து இடத்தை அடைக்கிறது என்று அதை உள்பக்கம் திறக்கும்படி மாற்றினார். அது போய் கேஸ் சிலிண்டரில் இடித்தது. கதவையே கழற்றிவிட்டுப் படுதா கட்டினார். தெருநாய்கள் படுதாவைத் தள்ளிக்கொண்டு வந்து மீனைத் தின்றுவிட்டுப் போயின. துவைக்கிற கல்லை முன்வாசலுக்குக் கொண்டுபோனார். சோப்புத் தண்ணீர் தெருவில் ஓடி, நாலு பெண்கள் சண்டைக்கு வந்ததில் கல் மறுபடி பின்பக்கமே போனது. ஐஸ் பெட்டியை மேலே ஏற்றினார், கூரைத் தகடு வளைந்தது. இப்படி ஐந்து வருஷம் பாடுபட்டு அவர் சம்பாதித்தது நாலு விரல் இடம்.

முன்பெல்லாம் அந்த நாலடிக்குப் பின்னால் ஒரு ஆள் நடக்கிற சந்து இருந்தது. சந்தைத் தாண்டினால் பூவம்மா வீடு. அதற்கப்புறம் மணல், கடல். புருஷன் இல்லாத பூவம்மாவுக்கும் கருவாடுதான் பிழைப்பு. கடல் வருஷா வருஷம் உள்ளே வந்துகொண்டே இருந்தது. ஓர் ஐப்பசியில் பூவம்மா வீட்டை எடுத்துக்கொண்டது. அந்தச் சுவர்கள் சரிந்து, செங்கல்லும் கல்லுமாக ரகுபதியின் பின்சுவருக்கு முன்னால் குவிந்தன. அலை அதில் மோதி நின்றுவிட்டது. அந்த இடிபாடு இல்லாவிட்டால் அடுத்து விழுந்திருப்பது ரகுபதி வீடுதான். குப்பத்தில் எல்லாருக்கும் இது தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பூவம்மாவுக்கு தூரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். அங்கே அவள் மொட்டை மாடியில் கருவாடு காயவைத்தாள். நாற்றம் தாங்கவில்லை என்று மாடி முழுக்கச் சண்டை. அதோடு அந்தத் தொழில் போயிற்று. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்குகிறாள் என்று கேள்விப்பட்டோம். பாவம் என்றோம். அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் செய்யவில்லை.

பிறகு அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்டார்கள். எங்கள் வீடுகளுக்குப் பின்னாலும் ஆள் உயரத்துக்குக் கருங்கல்லைக் குவித்தார்கள். ரகுபதி வீட்டுக்குப் பின்னால் மட்டும் ஏற்கெனவே இடிபாடு கிடக்கிறது, கல் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அன்றைக்கு ரகுபதி கல் கேட்டுப் போய்க் கெஞ்சினார், அழாத குறை. இரண்டு வருஷத்தில் கதை மாறியது. தூண்டில் வளைவுக்குள் மணல் சேரச் சேரக் கடல் பின்னால் போனது. எனக்குப் பின்வாசலில் கிடைத்தது கருங்கல்லும் எலியும். ரகுபதிக்குக் கிடைத்தது இடிபாட்டையும் மூடிக்கொண்டு வந்த வெள்ளை மணல். இரண்டு பக்கமும் கல் குவிந்திருந்ததால் அவர் வீட்டுக்குள் புகுந்து போனால்தான் அங்கே கால் வைக்க முடியும். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ரகுபதிக்கு அளவு என்றால் பாகம்தான். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். தினமும் காலையில் யாரையோ கட்டிப்பிடிக்கப் போகிறவர் மாதிரி கையை விரித்துக்கொண்டு மணலில் நகர்ந்து நகர்ந்து அளப்பார். முதலில் ஒரு பாகம், பிறகு இரண்டு, போன தையில் நாலு.

"நாலு பாகம்பா," என்று என்னிடம் வந்து சொன்னார். முகத்தில் சந்தோஷம் இல்லை. "அது பூவம்மாக்கா எடமாச்சே?"

"அந்த எடம் கடலுக்குள்ள போயி எத்தினி வருசம் ஆவுது. இது புது மண்ணு, மாமு," என்றேன். பொறாமைக்காரன் சொன்னதே அப்படி. மற்றவர்கள் எப்படிச் சொல்லியிருப்பார்கள்!

அவர் கேட்காத ஆள் இல்லை. ஊர்த் தலைவரைக் கேட்டார். "கடலு எடுக்கச்சே யாரையாவது கேட்டுச்சா? குடுக்கச்சே மட்டும் நீ இன்னாத்துக்குக் கேட்டுகினு கீற?" என்றார் தலைவர். அது சரி என்று பட்டது. மறுநாள் அது சரியில்லை என்று பட்டது. பட்டா வாங்கலாமா என்று ஓர் அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்தவர் பொறுமையாகப் படத்தை விரித்துக் காட்டினார். "எங்க கணக்குல அந்த இடம் தண்ணியா இருக்கு. தண்ணிக்கு எப்படிங்க பட்டா குடுக்கறது?" ரகுபதி காலில் ஒட்டிய மணலோடு அங்கே நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் யாரோ, பூவம்மா பெயரில் பழைய பட்டா இருந்தால் அது செல்லும் என்றார். இன்னொருவர், நிலம் போனபோதே பட்டாவும் போயிற்று என்றார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கடலுக்கே போகவில்லை.

மங்கம்மாவுக்கு இந்தக் குழப்பம் எதுவும் கிடையாது. "சிமெண்ட் தரை போடு. மேல தகரம் போடு. நாலு பக்கம் பந்தல் கால் நடு. நீ யோசிச்சிகினே இரு, அதுக்குள்ள கடலு திரும்ப வந்துடும்," என்றாள். தூத்துக்குடியிலிருந்து வந்து இங்கே கொத்து வேலை செய்கிற தவசிமுத்துவை அவளே போய்க் கூட்டிவந்தாள்.

தவசிமுத்து கால் நடுவதற்குக் குழி தோண்டினார். நானும் பின்கதவில் நின்று வேடிக்கை பார்த்தேன். இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரை ணங்கென்று மோதியது. கல்லாக இருக்கும் என்று தள்ளித் தோண்டினார். அங்கேயும் அதே சத்தம். கையால் மணலை வாரித் தள்ளிவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணாச்சி, கீழ ஏற்கனவே தரை கெடக்கு. நல்லா வழுவழுன்னு செவப்புத் தரை. யாரு போட்டது?"

ரகுபதி குழிக்குள் எட்டிப் பார்த்தார். கொஞ்சம் சாய்ந்து, ஈரமாக, சிவப்பாக இருந்தது. அதில் ஒரு பகுதி கரி பிடித்துக் கறுத்திருந்தது. பூவம்மாவின் அடுப்பு இருந்த மூலை. நாங்கள் எல்லாரும் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறோம். புது மண் என்று அடித்துச் சொன்னவன் நான்தானே?

"வேலைய நிறுத்து," என்றார் ரகுபதி.

அன்றைக்கே பஸ் ஏறி மூன்றாவது மாடிக்குப் போனார். போய் உட்கார்ந்து லிஃப்ட் வேலை செய்கிறதா, தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று விசாரித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்! "எப்படிச் சொல்றதுன்னு தெரிலப்பா," என்று என்னிடம் தலையைச் சொறிந்தார். எனக்கு வந்த கோபத்தில் நன்றாகத் திட்டி அனுப்பினேன். மறுநாள் போய், வாசலில் நின்றபடியே சொல்லியிருக்கிறார்.

"யக்கா, உன் வூடு கீது."

"குடிச்சிட்டு வந்தியா ரகு?" என்று சிரித்திருக்கிறாள் பூவம்மா. அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவளும் நிறுத்திவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். சண்டை நடக்கும் என்று பாதிக் குப்பம் கூடிவிட்டது. அவள் யாரையும் பார்க்காமல் ரகுபதி வீட்டுக்குள் புகுந்து பின்பக்கம் போனாள். தவசிமுத்து கை கொடுக்க, குழிக்குள் இறங்கி, கரி பிடித்த இடத்தைப் புறங்கையால் துடைத்தாள். "சின்னவ பொறந்த வருசம் போட்ட தரை," என்றாள். அவ்வளவுதான். ஏறி வந்து, மங்கம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

ரகுபதிக்கு இருந்த குழப்பம் இரண்டு மடங்கானது. "வேணும்னு சொன்னாளா, வேணாம்னு சொன்னாளா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? தவசிமுத்துவைக் கேட்டார். குழியை மூடுவதா வேண்டாமா என்று அவர் இவரைக் கேட்டார். அடுத்த மூன்று நாளும் மங்கம்மா நெத்திலியைப் பழைய நாலடியிலேயே, டிரம்முக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில்தான் பரப்பினாள். காலி மணல் பக்கத்திலேயே கிடந்தது, அவள் அங்கே ஒரு மீனைக்கூடப் போடவில்லை. கத்தாத மங்கம்மாவை நான் அப்போதுதான் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ரகுபதி தன் வீட்டு முன்வாசலில் நின்று என்னோடு பேசிக்கொண்டிருந்தார். ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பூவம்மா இறங்கினாள். இடுப்பில் ஒரு கூடை வாளை மீன், தோளில் மடித்த வலைத் துண்டு, கையில் உப்புப் பை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே வந்தாள். ரகுபதி வாசற்படியை அடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தபடி நின்றார்.

"கொஞ்சம் ஒத்திக்கோ ரகு," என்றாள் பூவம்மா. "என் வூட்டுக்குப் போவணும்."

ரகுபதி படியை விட்டு இறங்கித் தெருவில் நின்றார்.