உதவாது என்று சொன்னவர்

அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இருந்தது மூன்றே பேர்: ரத்தப் புற்றுநோயோடு படுத்திருந்த என் மனைவி, நான், ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்டு வந்த அந்த அம்மா.

நரைத்த முடி, தேய்ந்த செருப்பு. பேசும்போதெல்லாம் ஒரு கண்ணாடிக் குழாயை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்திக்கொண்டே இருந்தார். ரத்தம் உறையாமலிருக்க அப்படிச் செய்து செய்து, வெறுங்குழாயிலும் கை நிற்பதில்லையாம்.

ஏற்கெனவே வெளுத்துக் கிடப்பவளிடம் இன்னும் ரத்தமா என்று எனக்குப் பதறியது.

"இதுனால இவளுக்குக் குணமாகுமாம்மா?"

"இல்லண்ணே, இவங்களுக்கு உதவாது. ஒடம்புக்குக் காவலா இருக்குற வெள்ளை அணுக்கள் இந்த நோயைச் சந்தேகப்படாம ஏன் விட்டுருதுன்னு பாக்குறேன். இருபது வருசமாச்சு, பாதிதான் புரிஞ்சிருக்கு."

மனைவி சிரித்தாள். "சந்தேகப்படத்தான ஆளு வேணும்? எங்க வீட்டுக்காரர உள்ள அனுப்புங்க. பூட்டுன கதவத் திரும்பத் திரும்ப இழுத்துப் பாக்குற மனுசன்."

"வாங்கண்ணே, வேலை காலியாத்தான் இருக்கு" என்று அந்த அம்மாவும் வாய்விட்டுச் சிரித்தார்.

மனைவி கையை நீட்டினாள். நான் தடுக்கவில்லை. குணமாகும் என்று அவர் சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டுக் கட்டாயம் தடுத்திருப்பேன். ஒவ்வொரு கட்டிலிலும் உதவாது என்றே சொல்லி, இத்தனை வருசம் எப்படி ரத்தம் வாங்கினாரோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை.