கழுவிக் கொடுத்த சீசா

செங்கல்பட்டுக் கடைத்தெருவில் அத்தர் விற்ற ஜெயினுலாபுதீன் என் தாய்மாமா. வாரம் ஒருமுறை பெட்டியோடு பஸ் ஏறிப் புதுப்பட்டினம் போவார். மீன்காரி குப்பம்மா வழி மறித்துச் சிரிப்பாளாம்: "இன்னா பாய், உன் அத்தரு என் கூடைகிட்ட நிக்குமா?"

பெட்டியில் இருந்ததெல்லாம் ஊரைக் கூட்டுகிற வாசனை. தனக்கென்று அவர் கலந்துகொண்டது வேறு. ஜாதிமல்லி, பழுத்த கொய்யா, அடியில் துளி கஸ்தூரி. பக்கத்தில் போய் நின்றால்தான் தெரியும். அவ்வளவு பக்கத்தில் நிற்கிற உரிமை பதருன்னிசா மாமிக்கு மட்டும்தான் இருந்தது.

ஐம்பத்து நாலாம் வருஷம் மாமா திடீரென்று மூச்சு நின்று மவுத்தானார். கலவையின் பக்குவத்தை யாருக்கும் சொல்லவில்லை. பெட்டி இன்னொரு வியாபாரிக்குப் போனது. மாடத்தில் அந்தக் கலவை ஒரே ஒரு சின்னச் சீசா மிஞ்சியது.

மாமி இத்தாவில் உட்கார்ந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகக்கூடாது, அந்நிய ஆண்கள் முன் வரக்கூடாது, வாசனை பூசக்கூடாது. "மோந்து பாத்தா குத்தமா?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கென்ன தெரியும்? பள்ளிவாசலில் கேட்டனுப்பவும் அவளுக்குக் கூச்சம். புருஷன் வாசனைக்கு ஏங்குகிறாள் என்று ஊர் பேசுமே! அதனால் மூடியைத் தொடவே இல்லை. "இத்தா முடியட்டும் பாப்பா. பூசக்கூட வோணாம், சும்மா தொறந்து வெச்சிகினு உக்காருவேன்" என்பாள். அவளுக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசல் மோதினார் மைதீன், இரண்டு பேரோடு வாசலில் வந்து நின்றார். ரயிலடியில் யாரோ வழிப்போக்கர் இறந்துவிட்டார், சொந்தபந்தம் இல்லை, ஜமாஅத்தே அடக்கம் செய்கிறது. "மையித்துக்குச் சுத்துற கஃபன் துணிக்கு அத்தர் வோணும். கடைங்கள்லாம் மூடிகீது. பாய் வூட்ல இல்லாம பூடுமா?"

என் அம்மா சுராயா, மாமாவின் தங்கை, புண்ணியம் என்றால் முந்திக்கொள்கிறவள். நேரே மாடத்துக்குப் போனாள்.

"அம்மா, அது வோணாம்மா" என்றேன்.

"சும்மா இருடி. அண்ணனுக்கும் நன்மை சேரும்."

திரைக்குப் பின்னால் மாமி எழுந்து நின்றுவிட்டாள். வாய் திறந்தது. ஆனால் என்ன சொல்வாள்? மையித்துக்குக் கேட்டதை இல்லை என்று எந்த வீட்டில் சொல்வார்கள்? வாசலில் ஆண்கள் வேறு. வாயை மூடிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். சீசா மைதீன் கைக்குப் போனது.

சாயங்காலம் மைதீன் சீசாவோடு திரும்பி வந்தார். மிச்சம் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லி மாமி என் கையைப் பிடித்து அழுத்தினாள். கேட்டேன்.

"மிச்சம் இன்னாம்மா மிச்சம்? தல முதல் கால்வரைக்கும் தாராளமா பூசிட்டோம். சீசாவ சாம்பல் போட்டு நல்லா கழுவிக் கொண்டாந்துகீறேன்."

அவர் முகமெல்லாம் பெருமை. இரவல் வாங்கின பாத்திரத்தைக் கழுவாமல் கொடுப்பது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. அந்த நல்ல மனுஷனை நான் எப்படித் திட்டுவது?

அப்போதும் மாமி சீசாவைத் திறக்கவில்லை. மாடத்திலேயே வைக்கச் சொன்னாள். இத்தா முடிந்த அன்று குளித்துவிட்டு வந்து கையில் எடுத்தாள். "மூடியிலயாவது ஒட்டிகினு இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே திறந்து மூக்கருகில் வைத்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள்.

மூடியையும் கழுவியிருந்தார் மைதீன்.