நான்கு முளைகளுக்குள் ஒரு மேடை

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். எங்கே ஒற்று, எங்கே சின்ன ‘ன’, எங்கே பெரிய ‘ண’ என்பதெல்லாம் ஐந்தாம் வகுப்போடு என்னை விட்டுப் போய்விட்டன. கொத்தனார் கரண்டி பிடித்த கை இது. படிக்கிறவர்கள் பெரிய மனது பண்ணிப் படிக்க வேண்டும்.

போன வாரம் பக்கத்து வீட்டில் மாடி எடுக்க ஆரம்பித்தார்கள். காலையில் கதவைத் திறந்தாலே ஈரச் சிமெண்டு வாசனை. மல்லிகைப்பூவைவிட எனக்கு இந்த வாசனைதான் பிடிக்கும் என்றால் என் மனைவி ரஞ்சிதம் தலையில் அடித்துக்கொள்வாள். அங்கே வேலை செய்கிற கொத்தனார் பாலமூரு பக்கத்துத் தெலுங்கு ஆள். தூக்குக்குண்டைத் தொடாமல் கண் பார்வையிலேயே சுவரை நேராக எடுத்துக்கொண்டு போகிறான். மூன்று நாள் சுற்றிச் சுற்றி வந்து குறை தேடினேன். கிடைக்கவில்லை. வயிறு எரிந்தது. தலை நரைத்த பிறகும் இந்தப் புத்தி போகவில்லை பாருங்கள். பொறாமை எனக்குப் பழைய வியாதி. அது முற்றிப்போயிருந்த ஒரு காலத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்போது நாங்கள் பிழைக்க வந்த இந்தத் தெலுங்கு ஊரில், லாலாகுடாவுக்கும் மல்காஜ்கிரிக்கும் நடுவே ஒரு வரிசை ஓட்டு வீடுகளில் வாடகைக்கு இருந்தோம். முக்கால்வாசிப் பேர் ஜோலார்பேட்டைப் பக்கத்துக்காரர்கள், எல்லோருக்கும் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. நான் அங்கே கொத்தனார். வீடுகளுக்குப் பின்னால் பெரிய மைதானம். சங்கு ஊதுவதற்குள் அதைக் குறுக்கே கடந்து ஓடினால் கேட்டுக்குப் போய்விடலாம். மைதானத்தின் மூலையில் ஒரு கிணறு. உள்ளூர்க்காரர்கள் அதை மீட்டா பாவ்லி என்பார்கள். பேருக்கு ஏற்ற இனிப்புத் தண்ணீர். லெவல் கிராசிங்குக்கு அந்தப் பக்கம் ஒரு கைப்பம்பு உண்டு. ஆனால் அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. மதியம் வரை கொதித்தாலும் பருப்பு பருப்பாகவே கிடக்கும். கிணற்றுத் தண்ணீரில் இரண்டு கொதியில் குழைந்துவிடும். எங்கள் பெண்களுக்கு அந்தக் கிணறு எப்படிப்பட்டது என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

மைதானத்தை ஒரு பில்டர் வாங்கினார். மூன்று மாடி வீடுகள், சுற்றிலும் மதில், கிணற்றை மூடிவிடுவது என்று பிளான். நகராட்சியில் அனுமதியும் வாங்கிவிட்டார். ஒருநாள் ஆட்கள் வந்து நூல் பிடித்து முளைக்குச்சிகளை அடித்துவிட்டுப் போனார்கள். அன்றைக்குத்தான் எங்கள் தெரு விழித்துக்கொண்டது.

விழிக்க வைத்தவன் தேவராஜ். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், என்னைவிட நாலைந்து வயது இளையவன். தமிழ், தெலுங்கு, தக்கனி, இங்கிலீஷ் நான்கும் பேசுவான். சட்டைப்பையில் தங்க மூடி போட்ட பேனா, வகிடு கலையாத தலை. மனு எழுதுவான், ஆபீசுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தே பேசிவிட்டு வருவான். ஞாயிறு மாலை கிணற்றடியில் ஒரு தார் பீப்பாயைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்று பேசுவான். பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்தது வைத்தபடி கேட்பார்கள். ரஞ்சிதமும்தான்.

“இன்னாமா பேசுது தேவராஜ் தம்பி! கேட்டுக்கினே இருக்கலாம் போல கீது” என்பாள், எனக்குச் சோறு போட்டுக்கொண்டே.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன்.

“நீங்களும் கீறீங்களே. பஸ்ஸுல எறங்கணும்னு கண்டக்டராண்ட சொல்லக் கூச்சப்பட்டுக்கினு ரெண்டு ஸ்டாப்பு தள்ளி எறங்கி நடந்து வர்ற ஆளு.”

அது உண்மை. ஆனால் உண்மையைச் சோற்றோடு சேர்த்துப் போட்டால் இறங்குமா?

ஒரு ஞாயிறு பீப்பாய் உருண்டு தேவராஜ் விழுந்தான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவனோ மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து, “பில்டரு பீப்பாயையும் வெலைக்கு வாங்கிட்டாரு போல” என்றான். தெருவே கைதட்டியது. விழுந்தும் பேர் வாங்குகிறானே என்று எனக்கு இன்னும் எரிந்தது. நாலு கல்லை அடுக்கி ஒரு மேடை போடலாம் என்று யாரோ சொன்னார்கள். அந்தக் கூட்டங்களிலேயே முதல் தடவையாக நான் வாயைத் திறந்தேன்.

“நான் கட்டறேன்.”

நாலு நாள் லீவு போட்டேன். சிமெண்டும் கல்லும் வந்து இறங்கிய பிறகு யாரையும் கிட்டே சேர்க்கவில்லை. கிணற்றுக்குப் பக்கத்தில் பில்டரின் ஆட்கள் அடித்த நான்கு முளைகள் அருமையான மூலைமட்டத்தில் நின்றுகொண்டிருந்தன. கொத்தனாருக்கு இதைவிட என்ன வேண்டும்? நூல் பிடிக்கிற வேலை மிச்சம் என்று அந்த நான்கு முளைகளுக்குள்ளேயே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினேன். பேச்சு மேடைக்கு ஓரடி போதும். நான் மூன்றடி தோண்டினேன். அடியில் கருங்கல் ஜல்லி போட்டு இடித்தேன். ஈசானிய மூலையில் ரஞ்சிதத்தின் தேய்ந்துபோன மெட்டி ஒன்றை மஞ்சள் துணியில் முடிந்து, யாருக்கும் சொல்லாமல் வைத்து மூடினேன். மேலே பூசி முடித்தபோது முகம் பார்க்கலாம் போல இருந்தது. தேவராஜ் பேச்சு காற்றோடு போய்விடும், என் வேலை நிற்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே வாரத்தில் எல்லோரும் அதற்குத் தேவராஜ் மேடை என்று பேர் வைத்துவிட்டார்கள்.

மனு மேல் மனு போட்டதில் கடைசியில் ஒரு உத்தரவு வந்தது. குடிதண்ணீர்க் கிணறு இருக்கும் காலி இடங்களில் இனிமேல் கட்டடம் கூடாது. தெருவில் ஜாங்கிரி கொடுத்தோம். ஆனால் உத்தரவின் கடைசியில் ஒரு வரி இருந்தது. முன்பே அனுமதி வாங்கி, இந்தத் தேதிக்கு முன்னால் வேலையும் தொடங்கியவர்களின் உரிமை போகாது, அவர்கள் கட்டலாம். தேவராஜ்தான் படித்துச் சொன்னான்.

“எதுக்குப் பயப்படணும்? அவன் இன்னும் ஒரு செங்கல்லாவது வெச்சானா?”

எல்லோரும் சிரித்தோம்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் ஜீப் வந்தது. நகராட்சி அதிகாரி, பில்டர், பில்டரின் இன்ஜினியர். இன்ஜினியர் நீலத் தாளை மேடையின் மேலேயே விரித்தார். கிணற்று மூலையில் வாட்ச்மேன் ரூம் என்று போட்டிருந்தது. அதே நீளம், அதே அகலம். நான்கு மூலையிலும் அவர்களுடைய முளைகள்.

“இதோ, வாட்ச்மேன் ரூம் அஸ்திவாரம். உத்தரவுக்கு முன்னாலேயே போட்டாச்சு” என்றார் பில்டர்.

அந்த முளைகளுக்குள்ளே தோண்டியது நான்தான். தேவராஜ் கத்தினான். பெண்கள் கத்தினார்கள். ரஞ்சிதம் முன்னால் போய், “எங்க வூட்டுக்காரரு கட்டினதுய்யா இது!” என்றாள்.

அதிகாரி கெட்டவர் இல்லை. தெலுங்கில் நிதானமாகப் பேசினார். இரண்டு பேரும் எங்களுடையது என்கிறீர்கள். கட்டினவனுக்குத்தான் உள்ளே இருப்பது தெரியும். எவ்வளவு ஆழம், அடியில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள், தோண்டிப் பார்ப்போம் என்றார்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“சொல்லுங்களேன்” என்று ரஞ்சிதம் என் கையை இடித்தாள்.

வாய் வரை வந்தது. அதற்குள் தேவராஜ் குறுக்கே புகுந்தான். “வுடுங்க அண்ணி, அண்ணாவுக்குக் கூச்சம். நான் சொல்றேன்.” அதிகாரியிடம் திரும்பி, “ஓரடி ஆழம் சார், அடியில் செங்கல் துண்டு” என்றான், தன் கையாலேயே கட்டியவன் மாதிரி.

மூன்றடி, கருங்கல் ஜல்லி என்றார் இன்ஜினியர். முந்தின நாளே ஓரமாகத் தோண்டிப் பார்த்துவிட்டு வந்திருப்பார். அதிகாரி ஆளை விட்டுத் தோண்டச் சொன்னார். மூன்றடி. கருங்கல் ஜல்லி.

நான்கு பாஷையிலும் தேவராஜுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. வகிட்டில் வேர்வை இறங்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ‘ஈசானிய மூலையைத் தோண்டுங்கள், என் பெண்டாட்டி மெட்டி இருக்கும்’ என்று ஒரு வரி சொன்னால் போதும். சொல்லத்தான் இருந்தேன். இன்னும் கொஞ்சம் திணறட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது.

அதிகாரி ஃபைலை மூடினார். ஜீப் போய்விட்டது.

தெருவில் யாரும் என்னைக் கோபிக்கவில்லை. பாவம், பயந்த சுபாவம் என்றார்கள். ரஞ்சிதமும் அப்படித்தான் நம்புகிறாள். கூச்சம்தான் என்று நானும் சில வருஷம் எனக்கே சொல்லிப் பார்த்தேன். கூச்சம் இல்லை.

அந்தக் கோடையிலேயே கிணற்றில் மண் அடித்தார்கள். ரஞ்சிதம் லெவல் கிராசிங் தாண்டி, கேட் போட்டிருந்தால் காத்திருந்து, பதினோரு வருஷம் குடம் சுமந்தாள். வேகாத பருப்புக்குச் சோடா உப்புப் போடக் கற்றுக்கொண்டாள். தேவராஜுக்கு ஹூப்ளிக்கு மாற்றல் வந்தது. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒங்கள ஒரு வார்த்த கேட்டுக்கினு பேசியிருக்கணும்ணா. என் வாய்க்கொழுப்புல கெணறு போச்சு” என்று அழுதான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது மைதானம் இல்லை, கிணறு இல்லை. ஓட்டு வீடுகளும் இடிந்து, ஜோலார்பேட்டைக்காரர்கள் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். நாங்கள் மட்டும் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறோம். அந்த மூன்று மாடிக்காரர்களும் எங்களைப் போலவே லாரித் தண்ணீருக்கு நிற்கிறார்கள். நேற்று லாரி வரவில்லை. காலிக் குடத்தோடு திரும்பி வந்த ரஞ்சிதம், “தேவராஜ் தம்பி இருந்தா இப்புடி வுடுமா? போய்க் கேட்டிருக்கும்” என்றாள்.

அவனுக்காக ஒரு ‘ஆமாம்’ சொல்ல நேற்றும் எனக்கு வாய் வரவில்லை.

எழுதி முடித்தது: பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை.