நேர்த்திச் சேலை

பங்குனி மாதம் வந்தால் இன்றைக்கும் என் கைவிரல்கள் விறைக்கும். தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோ ஓரத்தில் மில்லிக்கன் என்ற இடத்தில் ஒரு பூ மொத்த வியாபாரக் கிடங்கில் வேலை செய்தேன். வெளியே பனி, உள்ளே குளிர் அறை. உள்ளே ரோஜா இருந்தது என்பது மட்டும்தான் வித்தியாசம். தண்டு வெட்டுவது, இலை கழிப்பது, கட்டுக் கட்டுவது, வாளியில் போடுவது. ஈஸ்டருக்கு முந்திய கிழமைகளில் லில்லிப் பூ மலை மலையாக வந்து இறங்கும். அந்த நாட்களில் லீவு என்ற சொல்லை வாயில் எடுத்தாலே சூப்பர்வைசருக்கு முகம் கறுத்துவிடும்.

வெட்டு மேசையில் நாங்கள் ஐந்தாறு யாழ்ப்பாணத்துப் பெண்கள். எங்களுக்கு எதிரே ஒரே ஒரு ஆண், நாற்பது வயதிருக்கும். கட்டையான, அகன்ற தோள்கள் உள்ள மனிதர். வாளி தூக்குவதும் தண்ணீர் மாற்றுவதும் அவருடைய வேலை. நாங்கள் அவரை மெக்சிக்கன் என்றோம். அவர் ஒருநாள் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் திருத்தினார்.

"மெக்சிக்கோவில இருந்து வந்தனான். ஆனால் மெக்சிக்கன் இல்லை. நான் யாக்கி, அந்த மண்ணின்ரை ஆதிச் சனம்."

எங்களை யாராவது சிறீலங்கன் என்றால் எங்கள் முகம் எப்படிப் போகும் என்று எங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு அண்ணை. எங்களைப் பார்த்து அவரும் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடப் பழகினார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே பள்ளிக்கூடத்தில் பெயிலானவை போல இருக்கும். ஆனாலும் அவர் பேசியது என் காதில் எங்கள் தமிழாகத்தான் விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

சினேகிதம் பிடித்தது சாப்பாட்டு மேசையில். ஒரு வெள்ளிக்கிழமை என் பெட்டியில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். அவர் முன்னால் வெறும் தண்ணீர்.

"வெள்ளிக்கிழமையில நீங்களும் மச்சம் தின்ன மாட்டியளோ?" என்று கேட்டேன். இறைச்சி மீனைத்தான் நாங்கள் மச்சம் என்போம்.

"ஈஸ்டருக்கு முந்தின இந்தத் தவக்காலம் நாப்பது நாளும் வெள்ளியில பொழுதுபட்டால்தான் சாப்பாடு," என்றார். பிறகு சொன்னார். "எனக்கு ஒரு நேர்த்தி கிடக்கு."

அவர் சொன்ன சொல் வேறு. ஆனால் விளக்கம் கேட்டபோது அது நேர்த்தியேதான். கைக்குழந்தையாக இருக்கும்போது சாகக் கிடந்தவரை, பிழைத்தால் மூன்று தவக்காலம் கோயில் சடங்கில் முகமூடிக்காரனாக நிற்பான் என்று அவருடைய தாய் ஆண்டவருக்கு நேர்ந்துவிட்டாள். வளர்ந்து இரண்டு தவக்காலம் நின்றுவிட்டார். மூன்றாவதுக்கு முன்னால், ஆற்றுத் தண்ணீரைப் பெரிய பண்ணைக்காரர் மறித்த தகராறில் பெயர் அடிபட்டு, உயிருக்குப் பயந்து ரொறன்ரோ வந்து சேர்ந்தார். அகதிக் கேஸ் முடியவில்லை. முடியமுதல் ஊருக்குப் போனால் கேஸும் போய்விடும், திரும்பி வரவும் விடமாட்டார்கள். இடையில் தாய் செத்துப்போனாள்.

"நேர்த்தி அவவின்ரை. நிறைவேத்த வேண்டியவன் நான். அவ அங்கை மண்ணுக்கை காத்துக்கொண்டு கிடக்கிறா," என்றார்.

வீட்டில் என் துணிப்பெட்டியடியிலும் ஒரு நேர்த்தி கிடந்தது. நான் பத்திரமாக வெளிநாடு போய்ச் சேர்ந்தால் எங்கள் அம்மன் கோயிலில் மகள் வந்து எரியும் கற்பூரச்சட்டி எடுப்பாள் என்று அம்மா நேர்ந்திருந்தாள். நான் சேர்ந்து ஏழெட்டு வருஷம். ஊருக்குப் பாதை இல்லை, சண்டை. அம்மா பிரயாண அனுமதிப் பாஸ் எடுத்துக் கொழும்புக்கு வந்திருந்தபோது ஒரு மஞ்சள் நூல் சேலை வாங்கி, கனடா வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தாள். 'இதைக் கட்டிக்கொண்டு அங்கத்தைக் கோயில்லயே எடு பிள்ளை' என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஸ்காபரோவில் அப்போது கோயில் என்பது ஒரு தொழிற்சாலைக் கட்டடம். மேலே ஹீற்றர் குழாய் ஓடும், பக்கத்து யூனிற்றில் கார் திருத்துவார்கள். எனக்கு மனம் வரவில்லை. சேலை பிரிக்காமல் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

எங்கள் மேசையில் மூத்த அன்ரி இதற்கு என்னை வாங்கு வாங்கென்று வாங்குவா. "அம்மனென்ன விசா இல்லாமல் அங்கயே நிக்கிறாவோ? எங்களுக்கு முதலே அவ பிளேன் ஏறி வந்திட்டா!"

அதற்குப் பிறகு வெள்ளிதோறும் அவர் சாப்பிடாமல் கதை சொன்னார், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டு கேட்டோம். அவருடைய சனங்கள் யாக்கி ஆற்றங்கரையில் குடியிருந்தவர்கள். ஸ்பானியர் குதிரைகளில் வந்தபோது ஒரு கிழவர் முன்னால் போய், வில்லின் நுனியால் மண்ணில் ஒரு கோடு கீறி, இதைத் தாண்டினால் உயிரோடு திரும்பமாட்டீர்கள் என்றாராம். பின்னால் வந்த படைகளையும் திரும்பத் திரும்ப அடித்துக் கலைத்தார்கள். அப்படி வென்றவர்கள், பிறகு தாங்களாகவே ஆளனுப்பிப் பாதிரிமாரைக் கூப்பிட்டார்கள்.

"வெண்ட பிறகு ஏன் கூப்பிட்டனீங்கள்?" என்று அன்ரி கேட்டா.

"அவங்கட படை வேண்டாம். அவங்கட கதை பிடிச்சுக்கொண்டுது."

பாதிரிமார் சிதறிக் கிடந்த குடிகளைச் சேர்த்து எட்டு ஊராக்கிக் கோயில் கட்டினார்கள். யேசுவின் பாடுகளை நடித்துக் காட்டிப் படிப்பித்தார்கள். சனங்கள் அந்தக் கதைக்குள் தங்கள் மானையும் பூவையும் முகமூடியையும் கொண்டுவந்து வைத்தார்கள். யேசு தங்கள் ஆற்றங்கரையில்தான் நடந்தார் என்று சொல்லிக்கொண்டார்கள். கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் எங்கள் ஊருக்குப் போர்த்துக்கேயர் வந்து கோயில்களை இடித்தார்கள். எங்கள் ஆட்கள் ஒளித்து விரதம் பிடித்து, சாப்பிட்ட இலையைக் கூரை விளிம்பான இறப்பில் செருகி மறைத்தார்கள் என்று நான் சொன்னேன். அவர் அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். "நீங்கள் உங்கட சாமியை ஒளிச்சியள். நாங்கள் அவங்கட சாமியைப் பிடிச்சு எங்கட ஆளாக்கிப் போட்டம்," என்றார்.

சிரிப்பு அதோடு சரி. பிறகு ஸ்பானியர் வெள்ளிச் சுரங்கத்துக்கு ஆள் கேட்டார்கள், நிலம் கேட்டார்கள், யாக்கிகள் கிளர்ந்தார்கள், அடிபட்டார்கள். ஸ்பானியர் போனபின் வந்த சொந்த நாட்டு அரசாங்கம் அதைவிட மோசம் என்றார். எங்கள் மேசையில் அதற்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஆயிரக்கணக்கில் பிடித்து, நாட்டின் மற்ற மூலையில் யுகத்தானுக்கு ஏற்றினார்கள். அங்கே கயிற்று நாருக்கான கற்றாழைத் தோட்டங்களில் வெயிலும் சவுக்கும். அவருடைய பாட்டனார் அப்படிப் போனவர். தப்பி, நடந்தே ஆற்றுக்குத் திரும்பினாராம். மலை, காடு, பாலைவனம், எல்லாம் கால்நடை. திரும்பி வந்த முதல் தவக்காலத்தில் முகமூடி போட்டாராம்.

தவக்காலச் சடங்கில் முகமூடிக்காரர்கள்தான் யேசுவைப் பிடிக்கும் பகைவர்கள். தோலில் செய்த மூஞ்சி, மரவாள். எல்லாம் தலைகீழாகச் செய்வார்கள், இடக்கையால் செய்வார்கள், கோமாளிக் கூத்து ஆடுவார்கள், ஆனால் ஒரு சொல் பேசமாட்டார்கள். முகமூடிக்குள்ளே செபமாலைச் சிலுவையைப் பல்லால் கடித்துக்கொண்டு செபிப்பார்கள். ஈஸ்டருக்கு முதல் நாளான பெரிய சனிக்கிழமை கோயிலைத் தாக்கப் பாய்வார்கள். பெண்களும் பிள்ளைகளும் பூவை அள்ளி எறிவார்கள். பூ பட்டதும் பகை தோற்றுவிடும். முகமூடிகளைச் சொக்கப்பனை மாதிரி அடுக்கிக் கொளுத்துவார்கள். அந்த நிமிஷம் ஒவ்வொருவரையும் அவரவருக்குப் பொறுப்பு நின்ற ஞானத்தாயும் ஞானத்தந்தையும் பிடித்து, தலையில் துணி மூடி, கோயிலுக்குள் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். உள்ளே போய்ச் சேர்ந்தால் அவன் மறுபடி மனிதன்.

இதைச் சொல்லும்போது அவர் கையில் ஒரு கார்னேஷன் பூ இருந்தது. இதழ் இதழாகப் பிய்ந்து மேசையெல்லாம் விழுந்துகொண்டிருந்தது.

நாங்கள் சும்மா இருப்போமா? காரியம் முடிக்காவிட்டால் யாழ்ப்பாணத்தாளுக்கு நித்திரை வராது. அன்ரிக்குத் தெரிந்த ஒரு கத்தோலிக்க வேதக்காரர் வழியாக, ஸ்பானிய மொழியில் பூசை வைக்கும் ஒரு கோயிலைக் கண்டுபிடித்தோம். பெரிய வெள்ளிக்கு அங்கே சிலுவைப்பாதையை நடித்துக் காட்டுவார்களாம். அன்ரியும் நானும் காரில் போய், எங்களிடம் ஒரு நல்ல ஆள் இருக்கிறார், நேர்த்திக்காரர், ஒரு பாத்திரம் கொடுங்கள் என்று கேட்டோம். சந்தோசமாக ஒப்புக்கொண்டார்கள். ரோமச் சிப்பாயாக நிற்கலாம் என்று சொல்லி, பிளாஸ்டிக்கில் ஒரு தலைக்கவசமும் தந்தார்கள். எனக்கு நானே ஒப்புக்கொள்ளாத மருந்தை அவருக்குப் பருக்கப் போகிறோம் என்ற எண்ணம் அன்று எனக்கு வரவேயில்லை. பெருமை தலைக்கேறியிருந்தது.

அவர் தலைக்கவசத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. "நல்ல சனங்கள். அவை நடிக்கினம், தங்கச்சி. நாங்கள் நடிக்கிறேல்லை," என்றார்.

"மண் வேறயெண்டு சொல்லுறியளோ?" என்று கேட்டேன். அன்ரியோடு எனக்கிருந்த வழக்குக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"மண் மட்டுமில்லை. எங்கட ஆக்கள் கொஞ்சப்பேர் எல்லை தாண்டி அமெரிக்காவுக்கு ஓடினவை. கனகாலம் யாக்கி எண்டு சொல்லவே பயந்து கிடந்தவை. பிறகு துணிஞ்சு, அங்கயும் முழுத் தவக்காலமும் செய்யினம். ஏனெண்டால் அவை ஒரு ஊரளவு ஆக்கள். பூ எறிய ஆள், பாட ஆள், மூடி இழுக்க ஆள். நான் இங்கை ஒருத்தன். என்னை ஆர் தோக்கடிக்கிறது?"

அன்ரி தலைக்கவசத்தை வாங்கிப் பைக்குள் வைத்தா. அம்மன் பிளேன் ஏறி வந்தது எங்களால்தான், நாங்கள் இத்தனை பேர் வந்ததால்தான் என்று எனக்கு முதல்முதலாக உறைத்தது. என் ஏக்கத்துக்குக்கூடத் துணைக்கு ஒரு நகரம் இருந்தது. அவருடைய ஏக்கம் ஒண்டிக்கட்டை.

ஈஸ்டருக்கு ஒன்பது நாள் முந்தி, குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய வெள்ளி, தண்ணீர்க் கிளாஸ் முன்னால் இருக்க, அவர் சொன்னார். "நாளைக்கு ஊருக்குப் போறன். பெரிய கிழமைக்காவது நிக்கவேணும்."

"கேஸ்?"

"போகட்டும்."

"அங்கை உங்களைத் தேடுறவங்கள்?"

"முகமூடிக்குள்ள ஆர் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. சனிக்கிழமைக்குப் பிறகு நடக்கிறது நடக்கட்டும்."

போகவேண்டாம் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னால் அது அவருக்காக இல்லை, எனக்காக என்று தெரிந்ததால் வாயை மூடிக்கொண்டேன். அவரை இழக்க எனக்கு விருப்பமில்லை. அந்தக் கிடங்கில் என் மனம் விளங்கிய ஒரே ஆள் அவர்தான்.

"ஞானத்தாய் இருக்கிறாவோ?" என்று மட்டும் கேட்டேன்.

"அவவும் போயிட்டா. வேற ஆராவது இழுத்துக்கொண்டு ஓடுவினம். துணிதான் ஞானத்தாயின்ரையாய் இருக்கவேணும்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவ இல்லாட்டில், நேர்த்தியெண்டால் என்னெண்டு தெரிஞ்ச ஆளின்ரையெண்டால் காணும்."

வேலை முடிந்ததும் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனேன். பெட்டியைத் திறந்து மஞ்சள் சேலையை எடுத்தேன். அம்மா கொழும்பில் வைத்துக் கட்டிய நூல் இன்னும் அவிழாமல் இருந்தது. அப்படியே கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி, நெற்றியில் ஒற்றிக்கொண்டார். நான் அவருக்கு அந்தப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பெரிய சனிக்கிழமை நாங்கள் வேலையில் நின்றோம். மத்தியானம், தரையெல்லாம் லில்லி இதழ். கூட்டிக் குவித்துக் குப்பையில் போடவேண்டும். நான் விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டு ஒரு கை அள்ளி, யாரும் இல்லாத குளிர் அறைக்குள் வீசினேன். அன்ரி பார்த்துக்கொண்டு நின்றா. என்னை ஏசவில்லை. தானும் குனிந்து ஒரு கை அள்ளினா.

அவரிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. வரும் என்றும் அவர் சொல்லவில்லை.

சித்திரை முடிவில் அம்மா மறுபடி கொழும்புக்கு வந்தாள். அவள் தங்கிய லொட்ஜுக்குப் போன் எடுத்தேன். எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்.

"பிள்ளை, அந்தச் சேலையைக் கட்டினனியே?"

"சேலை நேர்த்திக்குப் போயிட்டுதம்மா."

"எந்தக் கோயில்?"

"ஒரு ஆத்தங்கரைக் கோயில்."

"ஆக்கள் நிறையவோ?"

எனக்குத் தெரியாது. பூ நிறைந்த கைகளோடு ஒரு ஊரே வந்து நின்றதை நான் நினைத்து நினைத்துப் பார்த்ததுதான். "ஓமம்மா," என்றேன். "எல்லாரும் வந்திருப்பினம்."

அம்மா பெருமூச்சு விட்டாள். "அப்ப சரி. ஆக்கள் வந்தால் காணும். இனி உனக்கு ஒரு குறையுமில்லை."

"அம்மா, எனக்கு அங்கை வரவேணும் போல கிடக்கு."

லைனில் இரைச்சல் கூடியது.

"பாதை திறக்கட்டும் பிள்ளை," என்றாள்.

யுகத்தானிலிருந்து நடந்து வந்த அந்தப் பாட்டனாருக்கு ஒருவரும் பாதை திறந்து கொடுக்கவில்லை, அம்மா. இதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், அங்கே இன்னும் பனி பெய்கிறதா, காலுக்குச் சப்பாத்துப் போடுகிறாயா என்று கேட்கத் தொடங்கிவிட்டாள்.