கத்தரி போடும் அழுத்தம்

"வெ… னியா… மோ. வர்றோம்" என்கிறார், என் காதோரம் கத்தரியை வைத்துக்கொண்டு. ‘வெ’வுக்கும் ‘மோ’வுக்கும் மெல்ல ஒரு வெட்டு. நடுவில் வரும் ‘னியா’வுக்கு மட்டும் ‘சடக்’. இத்தாலி வினைச்சொற்களை அசை அசையாகப் பிரித்து, குரல் எங்கே ஏற வேண்டுமோ அங்கே கத்தரியை அழுத்துவது எங்கள் முடிதிருத்துபவரின் புதுப் பழக்கம்.

முதலில் அந்த அழுத்தம் முடியிலும் இறங்கியது. பின்மண்டையில் படிக்கட்டோடு வீடு போன தபால்காரர் மறுநாளே வந்து கும்பிடு போட்டார். "அண்ணே, இத்தாலிய உங்க தலையில படிங்க. என் தலைய விட்டுருங்க." அன்றிலிருந்து அழுத்தமான அசை வந்தால் கத்தரி தலையை விட்டு ஒரு சாண் மேலே போய் வெறும் காற்றை வெட்டுகிறது. வேலை இழுக்கத்தான் செய்கிறது. ஆனாலும் நாங்கள் யாரும் கடை மாறவில்லை.

எல்லாம் அவர் மகள் கல்யாணத்துக்காக. மாப்பிள்ளை இத்தாலிக்காரர். கல்யாணம் இங்கே. அவருடைய அம்மாவுக்கோ விமானம் என்றாலே உதறல். வரவே முடியாது என்று ஒரே பிடி. மகன் கெஞ்சியும் மசியவில்லை. இவர் ஒருமுறை காணொளியில் பேசிப் பார்த்தார். எல்லா அசையையும் ஒரே மட்டமாகச் சீவிவிட்டதால், அந்த அம்மா ஒன்றும் புரியாமல் மகன் முகத்தைப் பார்த்தார்.

"மாப்ள நடுவுல நின்னு சொன்னா அது தகவல்தான் சார். பொண்ணப் பெத்தவன் நான் கூப்பிட்டாதானே அழைப்பு?" என்றார் என்னிடம்.

போன ஞாயிற்றுக்கிழமை, என் தலை பாதியில் இருந்தபோது இத்தாலியிலிருந்து காணொளி அழைப்பு வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, செல்பேசியைக் கண்ணாடி மேல் சாய்த்து வைத்தார். "வி ஆஸ்பெத்தியாமோ." உங்களுக்காகக் காத்திருக்கிறோம் என்று அர்த்தம். ‘தியா’வில் குரல் ஏறி, ‘மோ’வில் இறங்கியது.

அந்த அம்மா மகன் பக்கம் திரும்பவில்லை. இவரையே பார்த்தார். படபடவென்று ஏதோ கேட்டார். இவருக்குப் பாதிகூடப் புரிந்திருக்காது. தலையை ஆட்டிவிட்டு அதையே மறுபடி சொன்னார், இன்னும் நிதானமாக. அந்த அம்மா பக்கத்திலிருந்த கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வெனியாமோ."

அந்தச் சொல் கடைக்கே மனப்பாடம். பெஞ்சில் காத்திருந்த தபால்காரர் எழுந்தே நின்றுவிட்டார். எனக்கு, வெட்டிய பாதி வெட்டாத பாதி என்றில்லாமல் தலை முழுக்கப் புல்லரித்தது. என்ன ஒரு வெற்றி!

கத்தரி மேசைமேல் கிடந்தது. எங்கள் முடிதிருத்துபவரின் வெறும் விரல்கள் இரண்டும் காற்றில் மெல்ல ஒருமுறை மூடின, பிறகு அழுத்தி, பிறகு மெல்ல.